வீட்டு நம்பர் வேற, கடை நம்பர் வேற: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்லயே ஆரி ஒர்க் ப்ளவுஸ் தைச்சுக் குடுக்கறேன். இதுவரைக்கும் தெரிஞ்சவங்க சொல்லித்தான் ஆர்டர் வந்துச்சு. வாட்ஸ்அப், இன்ஸ்டா ரெண்டுலயும் போடும்மான்னு பொண்ணு சொல்றா. ஆனா சொந்தக்காரங்க குரூப், பசங்க ஸ்கூல் குரூப் எல்லாம் இதே நம்பர்லதான் இருக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு யாராச்சும் ரேட் கேட்டு மெசேஜ் போட்டா வீட்ல முகம் சுளிக்கறாங்க. எப்படி ஆரம்பிக்கறது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பொண்ணு சொல்றது சரிதாம்மா. ஆனா போட்டோ போடறதுக்கு முன்னாடி தனியா ஒரு சிம் வாங்கிடுங்க. இப்ப இருக்கற போன்ல பெரும்பாலும் ரெண்டு சிம் போடலாம், புது நம்பர்ல வாட்ஸ்அப் பிசினஸ்னு தனி ஆப் இருக்கு, 2018-ல வந்தது, காசு கிடையாது, அதை ஏத்திக்கோங்க. ஒரே நம்பரை சாதா வாட்ஸ்அப்லயும் பிசினஸ்லயும் சேர்த்து ஓட்ட முடியாது, அதனாலதான் தனி சிம் சொல்றேன். அந்த பிசினஸ் ஆப்ல அவே மெசேஜ்னு ஒண்ணு இருக்கு, ராத்திரி எட்டு மணியிலேர்ந்து காலைல ஒன்பது வரைக்கும்னு டைம் குடுத்துட்டா "காலைல பதில் சொல்றேன்"னு அதுவே அனுப்பிடும், நீங்க நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கலாம்.

அடுத்தது அதே ஆப்ல இருக்கற கேட்டலாக், அதாவது உங்க டிசைன் பட்டியல். ஒவ்வொரு டிசைனுக்கும் போட்டோ, ரேட், எத்தனை நாள்ல முடியும்னு தெளிவா எழுதி வைங்க. ரேட்டை மறைச்சு வச்சுட்டு "டிஎம் பண்ணுங்க"ன்னு, அதாவது தனியா மெசேஜ் போட்டுக் கேளுங்கன்னு போடறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, கேக்க கூச்சப்படறவங்க அப்படியே போயிடுவாங்க. இன்னொண்ணு, ஒரே மெசேஜை நிறைய பேருக்குத் தனித்தனியா போற மாதிரி ப்ராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்பினா அது உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால ப்ளவுஸ் குடுக்கும்போதே "நம்பர சேவ் பண்ணிக்கோங்க அக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

இன்ஸ்டால உங்க சொந்த அக்கவுன்ட்டை பிசினஸ் அக்கவுன்ட்டா மாத்தாதீங்க. பிசினஸ் அக்கவுன்ட்டை ப்ரைவேட்டா வைக்க முடியாது, வீட்டு விசேஷ போட்டோ எல்லாம் ஊர் பாக்கும். ஒரே ஆப்லயே அஞ்சு அக்கவுன்ட் வரைக்கும் வச்சுக்கலாம், கடைக்குன்னு புதுசா ஒண்ணு திறங்க. தைச்சு முடிச்ச ப்ளவுஸ் படம் எல்லாருமே போடறாங்க, நீங்க ஃப்ரேம்ல துணிய இழுத்துக் கட்டி ஊசில ஜரி ஓட்டறத, மணி கோக்கறத பகல் வெளிச்சத்துல எடுத்துப் போடுங்க, ப்ளவுஸோட ஒரு கைக்கு எவ்ளோ வேலை இருக்குன்னு பாத்தாதான் "ஏன் இவ்ளோ ரேட்"ங்கற கேள்வி குறையும். பிசினஸ் அக்கவுன்ட்டுக்கு சினிமாப் பாட்டு நிறைய கிடைக்காது, பரவால்ல, உங்க குரல்லயே பேசுங்க, அதுதான் நம்பிக்கை குடுக்கும். கஸ்டமர் போட்டோவ அவங்களக் கேட்டுட்டுப் போடுங்க. பசங்க யூனிபார்ம், வீட்டுக் கதவு நம்பர் இதெல்லாம் படத்துக்குள்ள வந்துடாம பாத்துக்கோங்க.

அட்வான்ஸ் வாங்காம துணில கை வைக்காதீங்க. ஆனா யாராச்சும் "நான் ஆர்மி ஆபீசர், மொத்தமா ஆர்டர் தரேன், இந்த க்யூஆர ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் வந்துடும்"னு சொன்னா உடனே ப்ளாக் பண்ணுங்க. பணம் வாங்கறதுக்கு யுபிஐல பின் போடவே வேண்டாம், பின் கேட்டாலே உங்க கணக்குலேர்ந்து பணம் போகப் போகுதுன்னு அர்த்தம்.

கேள்வி: ஓசூர்ல ஒரு கம்பெனில சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்) ஆபரேட்டரா இருக்கேன். லிங்க்ட்இன்ல வேற வேலை தேடலாம்னு பாக்கறேன், மேனேஜருக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயமா இருக்கு.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, வேலைக்குத் தயார்னு காட்டற ஓப்பன் டு ஒர்க்க வைக்கும்போது ரெண்டு ஆப்ஷன் வரும், போட்டோ சுத்தி பச்சை வளையம் வர்றது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுட்டு ரிக்ரூட்டர்களுக்கு, அதாவது கம்பெனிக்கு ஆள் எடுக்கறவங்களுக்கு மட்டும்ங்கறத எடுங்க. உங்க கம்பெனி ரிக்ரூட்டர் கண்ல படாம லிங்க்ட்இன் மறைக்கப் பாக்கும், ஆனா நூத்துக்கு நூறு கேரன்டி தர மாட்டேன்னு அவங்களே சொல்றாங்க, அதனால கொஞ்சம் ஜாக்கிரதை. பேருக்குக் கீழ வர்ற வரில "வேலை தேடுகிறேன்"னு எழுதாதீங்க. எந்த மெஷின், ஃபானக் கன்ட்ரோலா சீமென்ஸா, எத்தனை வருஷம், ப்ரோக்ராம் எடிட் பண்ணத் தெரியுமா, இத எழுதுங்க, ஏன்னா ஆள் தேடறவங்க இந்த வார்த்தைகளப் போட்டுத்தான் தேடுவாங்க. கம்பெனி டிராயிங், பார்ட் போட்டோ எதையும் போட்டுடாதீங்க, அது வேலைக்கே ஆபத்து. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டெபாசிட்னு பணம் கேட்டா அது வேலையே இல்ல.

கேள்வி: என் போட்டோவையும் பேரையும் வச்சு யாரோ ஃபேஸ்புக்ல புது அக்கவுன்ட் திறந்து, என் பழைய மாணவர்கள்கிட்ட அவசரமா பணம் கேக்கறாங்க. என்ன செய்யறது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, பதறாதீங்க. முதல்ல உங்க உண்மையான பக்கத்துல "பணம் கேக்கறது நான் இல்ல, அனுப்பாதீங்க"ன்னு ஒரு போஸ்ட் போட்டுட்டு, முடிஞ்சவங்களுக்கு போன்லயும் சொல்லிடுங்க. போலி ப்ரொஃபைலுக்குள்ள போய் மூணு புள்ளிய அமுக்கினா ரிப்போர்ட் வரும், அதுல வேற ஒருத்தர் மாதிரி நடிக்கறாங்கங்கறத எடுங்க, மாணவர்களையும் பண்ணச் சொல்லுங்க. அந்தப் பக்கத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதோட லிங்க்கையும் வச்சுக்கோங்க. யாராச்சும் பணம் அனுப்பிட்டாங்கன்னா அவங்க உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் பண்ணணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, பணம் அடுத்த கணக்குக்கு மாறறதுக்குள்ள நிறுத்தப் பாப்பாங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல உங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ட உங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி மாத்திடுங்க, அந்த லிஸ்ட்டப் பாத்துத்தான் யார் யார்கிட்ட கேக்கலாம்னு அவங்க ஆளப் பிடிக்கறாங்க.