சங்கக் கட்டடமும் செட்டிநாட்டுச் சட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராம நூலகத்துக்கு வரைபடம் போடுகிறேன். 'சங்ககாலச் சாயல் வேண்டும்' என்கிறார்கள். கீழடி அருங்காட்சியகம்போல் செட்டிநாட்டுப் பாணியில் எழுப்பி, சுவரில் புறநானூற்று வரிகளைப் பொறித்தால் சரியாக இருக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

2023இல் திறந்த அந்த அருங்காட்சியகம் அழகானது. ஆனால் செட்டிநாட்டு வீடு பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வந்திறங்கிய 19, 20ஆம் நூற்றாண்டுகளின் பிள்ளை. சங்ககாலத்துக்கு அந்தச் சட்டை சேராது. முற்றமும் ஆத்தங்குடிக் கல்லும் பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள், செட்டிநாடு என்றே சொல்லி.

இலக்கியத்திலிருந்து எடுக்க நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டு இருக்கிறது. அரண்மனைக்கு மனை வகுப்பதை நக்கீரர் சொல்கிறார்: 'ஒருதிறம் சாரா அரைநாள் அமயத்து நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு'. நூலறிந்தவர்கள் நுட்பமாகக் கயிறு பிடித்தது நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில். மதுரை வட்டாரத்தில் அந்த நண்பகல் சித்திரையிலும் ஆவணியிலும் வரும்.

திசை காண நிழலை நீங்களும் நம்பலாம். ரசமட்டம் வைத்துத் தரையைச் சமன் செய்து, தூக்குக்குண்டு பிடித்து 3 அடிக் கோலை நடுங்கள். கோலை மையமாக்கி 4 அடி ஆரத்தில் வட்டம். காலையில் நிழல்நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு முளை, பிற்பகலில் வெளியேறும் இடத்தில் ஒன்று. இரண்டுக்கும் கயிறிட்டால் கிழக்குமேற்கு. கோல் கொஞ்சம் சாய்ந்தாலும் கோடு பிசகும். (பக்கத்தில் இரும்புக் கம்பிக்கட்டு இருந்தால் கைபேசித் திசைகாட்டி இதைவிடப் பெரிய பொய் சொல்லும்.)

வாசிப்பறையின் நீளத்தை அந்தக் கோட்டோடு ஓட்டுங்கள். பெரிய சன்னல்கள் வடக்கே வரும், மேற்கு வெயில் குட்டைச் சுவரோடு நின்றுவிடும். கோல் நின்ற இடம் முற்றமாகட்டும். அங்கே ஒரு கல்தூண், தரையில் கோட்டின்மேல் கருங்கல் பட்டை. சித்திரை நண்பகலில் தூணின் நிழல் காணாமல் போவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

கூரைக்குக் கீழடி ஓட்டைப் பாருங்கள்: கட்டுவதற்குத் துளை, மழைநீர் வடிய விரலால் இழுத்த பள்ளம். இன்றைய ஓட்டுக்கும் 30 பாகையாவது சரிவு கொடுங்கள். குறைந்தால் காற்றடிக்கும் மழை ஓட்டின் அடியில் ஏறும்.

ஊர் நினைவும் கட்டடத்தில் இருக்க, ஊராரிடம் 'பழைய சாவடி எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள், வளைவும் தூணுமாகக் கற்பனை வரும். 'மத்தியானம் எங்கே உட்காருவீர்கள்?' என்று கேளுங்கள். திண்ணை என்றால் ஒன்றரை அடி உயரம், ஆள் படுக்க 3 அடி அகலம், அதைத் தாண்டி நீளும் இறவாரம். கிரில் போட்டால் அது திண்ணை இல்லை.

வரி பொறித்தே ஆகவேண்டுமென்றால் அந்தக் கருங்கல் பட்டையில் நக்கீரரின் வரியைப் பொறியுங்கள். பின்னாளில் யாரும் அதன்மேல் டைல்ஸ் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.