கணவன் பெயரில் தேடினால் – கடிதமும் பதிலும்

வணக்கம். 1872-ல் அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து நெப்ராஸ்காவின் ஆளில்லாப் புல்வெளிக்குக் குடிபெயர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தைப் பற்றி நாவல் எழுதுகிறேன். கூண்டுவண்டியை இழுத்தது குதிரையா, மாடா? நாளுக்கு எத்தனை மைல்? அந்த வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை.
– முரளி

அன்புள்ள முரளி,

பெரும்பாலும் மாடு. பன்னிரண்டு, பதினைந்து மைல். ஆனால் 1869-லேயே யூனியன் பசிபிக் ரயில்பாதை முடிந்துவிட்டது. ஒஹாயோக் குடும்பம் நெப்ராஸ்காவின் கிழக்கு எல்லையிலுள்ள ஒமாஹா நகர் வரைக்கும் ரயிலில் வந்திருக்கலாமே! சினிமாவில் பார்த்ததை எழுதாதீர்கள்.

பெண்களைப் பற்றித் தகவல் இல்லை என்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இப்படிப் பலரும் சொல்லிக் கேட்டுச் சலித்திருக்கிறேன். கணவன் பெயரில்தானே தேடினீர்கள்? குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர். கட்டணம் மொத்தம் 18 டாலர். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். கணவனோடு வாழும் மனைவி மனுப் போட முடியாது. 21 வயதான, கல்யாணமாகாத பெண் போடலாம், விதவை போடலாம். கணவன் நடுவில் இறந்துவிட்டால் மிச்ச வருடங்களை மனைவி முடித்துத் தன் பெயரில் பட்டா வாங்கலாம். அப்போது ஒரே கோப்பில் முதல் மனு அவன் பெயரில், கடைசி வாக்குமூலம் அவள் பெயரில். அதற்குள் அவள் மறுமணம் செய்திருந்தால் குடும்பப் பெயரே மாறியிருக்கும். தாத்தா பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு ‘நிலமே வாங்கவில்லை’ என்று பேரன்கள் முடிவு கட்டுவது இதனால்தான்.

பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். அதிலுள்ள செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்களை (நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அளவை எண்கள்) கொடுத்து வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பையும் கேளுங்கள். வீடு புல்மண் கட்டியா பலகையா, என்ன நீள அகலம், எத்தனை கதவு, எத்தனை ஜன்னல், கிணறு உண்டா, உழுதது எத்தனை ஏக்கர், பிள்ளைகள் எத்தனை பேர் – எல்லாம் அவள் வாய்மொழியாகவே இருக்கும். கூடவே அக்கம்பக்கத்தார் இருவரின் சாட்சியம். பாதியில் விட்டுப்போனவர்களின் ரத்தான கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றையும் பாருங்கள்; தோற்றவர்களுக்கும் வரலாறு உண்டு.

1880 மக்கள்தொகைக் கணக்கில் ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த மாநிலம் இருக்கும். மூத்தவள் ஒஹாயோ, அடுத்தவன் அயோவா, கடைக்குட்டி நெப்ராஸ்கா என்று இருந்தால் நடுவில் அயோவாவில் தங்கியிருக்கிறார்கள். 1890 கணக்கைத் தேடி அலையாதீர்கள். 1921 தீவிபத்திலும் அதற்குப் பிறகுமாக அது அநேகமாக முழுக்கப் போய்விட்டது.

ஒன்று மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘ஆளில்லாப் புல்வெளி’ என்று எப்படி எழுத மனம் வந்தது? 1872-ல் நெப்ராஸ்காவின் லூப் ஆற்றங்கரையில் பாவ்னி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தெற்கே ‘இந்தியப் பிரதேசம்’ எனப்பட்ட இன்றைய ஒக்லஹோமாவுக்கு அவர்கள் கிளம்ப நேர்ந்தது அதற்குப் பிறகுதான். முதல் அத்தியாயத்தைத் திருத்திவிட்டு எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.