'கிளேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள்?

கண்ணாடியைக் குறிக்கும் 'கிளாஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான் 'கிளேஸ்'. ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவது அதன் பழைய பொருள். கட்டட வேலையில் இன்றும் 'கிளேசிங்' என்றால் அதுதான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றையோ ஆர்கான் வாயுவையோ அடைத்துப் பொருத்தினால் 'டபுள் கிளேசிங்'. வெளி வெப்பமும் சத்தமும் உள்ளே வருவது குறையும்.

ஆனால் புதுச்சேரியில் பீங்கான் வேலை செய்யும் எனக்கு, கிளேஸ் என்றதும் நினைவுக்கு வருவது பாண்டத்தின் மேலுள்ள பளபளப்புதான். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பீங்கான் பட்டறையைத் தொடங்கினார்கள். பாண்டிக்கு இந்தத் தொழிலில் பெயர் வந்தது அவர்களால்தான். கடைக்கு வருபவர்கள் பலர் கிளேஸை பெயின்ட் என்று நினைக்கிறார்கள். இல்லை, அது நிஜமாகவே கண்ணாடி. சிலிக்கா, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், சுண்ணாம்புக்கல், களிமண் எல்லாவற்றையும் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்து, ஒருமுறை சுட்ட பாண்டத்தை அதில் முக்கி எடுப்போம். மறுபடி சூளையில் ஏறக்குறைய 1,300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் பூச்சு உருகி, ஆறும்போது மண்ணோடு ஒட்டிய கண்ணாடித் தோலாகிவிடும். அடியில் மட்டும் முன்பே துடைத்துவிடுவோம். இல்லையென்றால் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் வெறும் மண் தெரிவது அதனால்தான்.

நிறம்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. கிளேஸில் கலக்கும் ஒரே இரும்பு ஆக்சைடு, சூளையில் காற்று தாராளமாக இருந்தால் பழுப்பாகும். காற்றைக் குறைத்துச் சுட்டால், இரும்பின் அளவு கொஞ்சமாக இருக்கும் பட்சத்தில், இளம்பச்சையாகும்.

வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்குக் கிளேஸ் கிடையாது. மண்பானைக்கும் கிடையாது; நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. ஊறுகாய் ஜாடிக்கு நேர்மாறு. உப்பும் புளிப்பும் மண்ணுக்குள் இறங்காமல் கிளேஸ் தடுக்கிறது. பழைய ஜாடியின் உட்புறம் விரிசல் விட்டிருந்தால் ஊறுகாய் போடாதீர்கள். சில பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும்.

அப்புறம், கேக் மேல் தடவும் சர்க்கரைப் பாகும் கிளேஸ்தான். சலிப்பில் பார்வை வெறித்துப்போவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்.

கடலூர் பக்கம் இறால் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொருளும் தெரிந்திருக்கும். உறைய வைத்த இறாலைக் குளிர்நீரில் முக்கினால் மேலே மெல்லிய பனிப்படலம் பிடிக்கும். இறால் காய்ந்துபோகாமல் அது காக்கும். அதன் பெயரும் கிளேஸ். வாங்கும்போது பனிக்கட்டி நீக்கிய நிகர எடை எவ்வளவு என்று பொட்டலத்தில் பாருங்கள். விலையை அந்த எடைக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.