பள்ளி மூடிக் கிடந்த 19 மாதங்களில் பிள்ளைகளுக்கு எது உதவியது, எது வீணானது?

வீணானதிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், 31 பிள்ளைகள். 2020 மார்ச் நடுவில் கொரோனாவுக்காக விடுமுறை விட்டபோது பதினைந்து நாளில் திரும்பி வந்துவிடுவார்கள் என்றே நினைத்தோம். கரும்பலகையில் எழுதிய தேதியைக்கூட நான் அழிக்கவில்லை. தொடக்கப் பள்ளிகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று.

ஊரடங்கு தளர்ந்ததும் நான் செய்த முதல் வேலை, வாட்ஸ்அப் குழு தொடங்கியது. 12 வீடுகளில்தான் அதற்கேற்ற போன் இருந்தது. அந்தப் பன்னிரண்டும் காலையில் அப்பாக்களின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். பயிற்சித்தாள்களாக அனுப்பித் தள்ளினேன். ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு ஒரு தந்தையின் குரல் செய்தி வந்தது: “டீச்சர், நான் வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. எழுப்பிப் படிக்க வைக்கட்டுமா?” கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதோடு பயிற்சித்தாள் அனுப்புவதை நிறுத்தினேன்.

கல்வித் தொலைக்காட்சி அதைவிடப் பரவாயில்லை. டிவி இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு. ஆனால் மூன்றாம் வகுப்புப் பாடம் ஓடும் அரை மணி நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆட்டின் பின்னால் போயிருக்கும், அல்லது அம்மாவோடு மல்லாட்டை (நிலக்கடலை) ஆய்ந்துகொண்டிருக்கும். பார்த்த பிள்ளைக்கும் சந்தேகம் வந்தால் டிவியிடம் கேட்க முடியாதே.

கைகொடுத்தது நான் திட்டமிடாத ஒன்று. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும், பிறகு முட்டையும் பள்ளியில் வைத்துக் கொடுக்கும்படி அரசு உத்தரவிட்டது. அதை வாங்க வீட்டுக்கு ஒருவர் வருவார்கள். முதல் முறை வரிசையைச் சரிசெய்வதிலேயே என் நேரம் போயிற்று. அடுத்த முறை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் பேசினேன். பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், யாரோடு விளையாடுகிறான், இரவில் அழுகிறானா என்று. படிக்கிறானா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் “படிக்கிறான் டீச்சர்” என்ற ஒரே பதில்தான் வரும்.

படுக்கையை நனைக்கத் தொடங்கியிருந்த எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி அப்படித்தான் தெரிந்தது. ஊருக்கே கேட்கும்படி சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு கணவன் மனைவியைப் பற்றியும். வேலையில்லாத ஆண்கள் நாள் முழுவதும் வீட்டில் இருந்ததைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

போகும்போது 40 பக்க நோட்டு ஒன்று கொடுத்தனுப்புவேன். அதில் என் கையால் நாலைந்து வேலைகள் எழுதியிருக்கும். பாட்டியிடம் கேட்டு ஒரு விடுகதை எழுது. ரேஷன் கடை ரசீதைப் பார்த்துக் கூட்டிச் சொல். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களிடம், “ஒரு பக்கத்தை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அது போதும்” என்பேன். அடுத்த முறை அரிசி வாங்க வரும்போது நோட்டும் திரும்பி வரும். வராவிட்டால் நானே அந்த வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவேன்.

ஒரு வீட்டில் மூன்று பேருக்குத் தொற்று வந்து 14 நாள் தனிமைப்படுத்தினார்கள். தெரு முனையில் சவுக்குக் கட்டை கட்டி அடைத்தார்கள். தண்ணீர்க் குடத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள் அக்கம்பக்கத்தார். அந்த வீட்டுப் பையன் நாலாம் வகுப்பு. “தம்பி, தினமும் இரண்டு வரி பெரிய எழுத்தில் எழுதி, மாலை ஐந்து மணிக்கு உயர்த்திக் காட்டு. நான் இங்கிருந்து படிக்கிறேன்” என்று கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று கத்திச் சொன்னேன். மூன்றாம் நாள் அவன் காட்டியது: “இன்று யாரும் வரவில்லை. நாய் வந்தது.” மறுநாளிலிருந்து அவனுடைய வகுப்புத் தோழர்கள் இருவரும் என்னோடு வந்து நின்றார்கள். அவர்களை அழைத்துப் போனதற்காக ஊரில் எனக்குத் திட்டும் கிடைத்தது. திட்டியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

இரண்டாம் அலையில் என் மாணவி ஒருத்தியின் அப்பா இறந்துபோனார். கொரோனாவில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையின் குடும்பத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்திருந்தது. ஆனால் இறப்புச் சான்றிதழில் காரணம் வேறாக இருந்தது. ஆறு முறை அலைந்தோம். அந்த அலைச்சலில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வருவாள் அந்தப் பெண். அந்த ஆண்டு அவள் படித்த படிப்பு அதுதான்.

பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, எங்கள் மாவட்டத்தின் மரக்காணம் பக்கத்தில்தான், தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருவிலேயே மாலையில் பாடம் சொல்லித்தரும் அரசுத் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. எங்கள் ஊரில் பட்டப்படிப்பு முடித்துச் சும்மா இருந்த பெண் ஒருத்தி தன்னார்வலராகச் சேர்ந்தாள். மாதம் ஆயிரம் ரூபாய், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. பிள்ளைகளின் வீட்டு நிலைமை அவளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, எல்லாம் சொந்தத் தெரு. என்னைவிட நன்றாகவே நடத்தினாள் என்பதைக் கொஞ்சம் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன்.

நவம்பர் 1 அன்று மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் பள்ளியைக் கடைசியாகப் பார்த்தது ஒன்றாம் வகுப்பில். இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அதுவரை பள்ளிக்கே வந்ததில்லை. மணி அடித்ததும் அவர்களில் ஒருத்தி என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “டீச்சர், இப்போது உள்ளே போக வேண்டுமா, வெளியே போக வேண்டுமா?”