மோட்டாரைப் பிடித்து வைத்திருக்கிறார்: ஆழ்துளைக் கிணற்றுப் பழுதில் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரப்படி 780 அடி ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் எனக்கும் பக்கத்துச் சாளையிலுள்ள என் கொழுந்தனாருக்கும் சரிபாதி. வீட்டுப் புழக்கத்துக்கும் மாடு கன்றுக்கும் அதுதான் தண்ணீர். 560 அடியில் இருந்த நீர்மூழ்கி மோட்டார் எரிந்துபோனதால், காங்கேயத்திலுள்ள ஒரு பட்டறைக்காரரை அழைத்தோம். "ஏத்தி இறக்கி, காயில் கட்டி, இருபத்தஞ்சுக்குள்ள முடிச்சுத் தர்றனுங்க" என்று என் மகனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். மேலே தூக்கும்போது குழாய் உடைந்து, மோட்டாரும் நான்கு குழாய்களும் உள்ளே விழுந்துவிட்டன. இரண்டு நாள் போராடி எடுத்தார்கள். இப்போது பில் 68,000: ஏற்றி இறக்க 14,000, காயில் (மோட்டாரின் கம்பிச் சுருள்) கட்ட 13,000, கேபிளும் புஷ்ஷும் 5,500, புதுக் குழாய் 6,000, விழுந்ததை எடுக்க 26,000, இதற்கு மேல், என் கொழுந்தனாரின் தென்னந்தோப்பு மோட்டாருக்குப் போன வருடம் நின்ற பாக்கி 3,500. மீதி 58,000 வந்தால்தான் மோட்டாரைத் தருவேன் என்கிறார். கொழுந்தனாரோ, "நீங்க கூப்பிட்ட ஆளு உடைச்சதுக்கு நான் எதுக்குத் தரணும்?" என்கிறார். கூடவே, கிணற்றை இன்னும் 200 அடி ஆழத்துக்குத் துளை ஓட்டினால் நல்லது என்றும் பட்டறைக்காரர் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் தொகைகளைத் தனித்தனியாக எழுதியிருப்பது பெரிய உதவி. பெரும்பாலானோர் மொத்தத்தை மட்டும் சொல்லிவிட்டு, "அநியாயம்" என்று முடித்துவிடுகிறார்கள். சட்டம் மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை; ஒவ்வொரு வரியும் எதற்காகக் கேட்கப்படுகிறது, அதற்கு நீங்கள் சம்மதித்தீர்களா என்றுதான் பார்க்கும்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. ஏற்றி இறக்குவதும் காயில் கட்டுவதும் 25,000க்குள் என்று அவரே பேசி அனுப்பியிருப்பதால், அந்த இரண்டு வேலைக்கும் 27,000 கேட்க அவருக்கு உரிமை இல்லை. கூடுதலான 2,000 ரூபாயை நீங்கள் மறுக்கலாம். கேபிளும் புஷ்ஷும் அந்தப் பேச்சில் வரவில்லை. மோட்டாரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எது தேய்ந்திருக்கிறது என்று தெரியும் என்பதால், பொருளின் விலையை முன்கூட்டியே சொல்ல முடியாமல் போவது இந்தத் தொழிலில் இயல்பு. அவை உண்மையில் மாற்றப்பட்டிருந்தால், கடைப் பில்லையும் பழைய பொருளையும் காட்டச் சொல்லிவிட்டு, நியாயமான விலையைக் கொடுத்துவிடுங்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவிப்பவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. ஆகவே 30,500 ரூபாய் உங்கள் தரப்பில் தர வேண்டியது. முன்பணம் போக 20,500.

வழக்கின் உயிர் இருப்பது 26,000 ரூபாயில். 560 அடி என்றால் 20 அடிக் குழாய்கள் 28. அத்தனையின் எடையும் மோட்டாரின் எடையும் தூக்கும்போது மேல் இணைப்புகளில்தான் தொங்குகின்றன. பல வருடம் தண்ணீரில் கிடந்த இரும்புக் குழாயின் திருகு மரை அரித்துப்போய் அறுந்திருந்தால், அது பொருளின் பழுது. அதை மீட்டெடுத்த நியாயமான கூலியை உரிமையாளரிடம் கேட்பதில் தவறு காண முடியாது. அதற்கு மாறாக, குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பைச் சரியாக மாட்டாமல் விட்டதாலோ, சிக்கியது தெரிந்தும் கிரேன் வண்டியால் வெடுக்கென்று இழுத்ததாலோ குழாய் உடைந்திருந்தால், அது வேலையின் குறைபாடு. தன் தவறால் விழுந்ததை எடுத்ததற்கு அவரே உங்களிடம் கூலி கேட்க முடியாது. ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளிடம் காட்டும் கவனத்துடன் பார்த்துக்கொள்ளும் கடமையை அதே சட்டத்தின் 151ஆம் பிரிவு அவர்மேல் வைக்கிறது. தூக்கத் தொடங்கும் முன், குழாய் பழசு, அறுந்தால் செலவு தனி என்று அவர் எச்சரித்தாரா என்பதும் முக்கியம். அனுபவமுள்ளவர்கள் முதல் இரண்டு குழாய் மேலே வந்ததுமே மரையைப் பார்த்து இதைச் சொல்லிவிடுவார்கள்.

எனவே, உடைந்த குழாயின் முனை இப்போது உங்கள் முதன்மைச் சான்று. அது தோட்டத்தில் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பட்டறையில் இருந்தால் இன்றே போய்ப் பல கோணங்களில் படமெடுத்து வையுங்கள். முழுச் சுற்றும் துருவேறி மெலிந்திருக்கிறதா, புது இரும்பு பளிச்சென்று தெரியும்படி முறிந்திருக்கிறதா என்பதை வேறொரு மெக்கானிக் பார்த்து எழுத்தில் தந்தால், அந்த ஒரு தாள் நம் வாதத்தில் பாதியைத் தாங்கும். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் செய்பவர் மீதே இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். மகனின் கைபேசியிலிருக்கும் குரல் பதிவை அழிக்காதீர்கள், கைபேசியையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க பாரதிய சாக்ஷிய அதினியம் 2023இன் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வழக்கறிஞர் தயாரிப்பார். குழாய்க்கான 6,000 ரூபாயின் கதியும் இந்த 26,000ஐ ஒட்டியதே. ஆனால் பழைய குழாய்க்குப் பதிலாகப் புதியது உங்களுக்கு வந்திருப்பதால், முழுவதையும் அவர் தலையில் கட்ட முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, மோட்டாரைத் தர மறுப்பது. இதில் அவர் முழுக்கச் சட்டத்துக்குப் புறம்பாக நடக்கிறார் என்று சொல்வதற்கில்லை. ஒரு பொருளின் மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், தனக்குச் சேர வேண்டிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த உரிமை குறுகியது. அந்தப் பொருளுக்கு அவர் செய்த வேலையின் கூலிக்கு மட்டுமே அது பொருந்தும். தோப்பு மோட்டாரின் பழைய பாக்கிக்கு இந்த மோட்டாரைப் பிடித்து வைக்க முடியாது. எந்தப் பாக்கிக்கும் எந்தப் பொருளையும் நிறுத்தி வைக்கும் பொது உரிமையை 171ஆம் பிரிவு வங்கி முதலான சிலருக்குத்தான் தருகிறது. மோட்டார்ப் பட்டறை அந்தப் பட்டியலில் இல்லை. அந்த 3,500 ரூபாயை அவர் உங்கள் கொழுந்தனாரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆகவே முதலில், எந்தத் தொகையை எதற்காக ஏற்கிறீர்கள், எதை ஏன் மறுக்கிறீர்கள் என்று வரிசையாக எழுதி, 20,500 ரூபாயை வங்கி வழியே அனுப்பத் தயாராக இருப்பதாகக் கடிதமொன்றை ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். சேர வேண்டிய கூலியை நீங்கள் முறைப்படி தர முன்வந்த பிறகு, பொருளை நிறுத்தி வைக்கும் அவருடைய உரிமை வலுவிழந்துவிடும். பட்டறைக்கு ஆள் கூட்டிப் போய் மோட்டாரைத் தூக்கி வருவதும், காவல் நிலையத்தில் திருட்டுப் புகார் கொடுப்பதும் உங்கள் நிலையைக் கெடுக்கும். இது உரிமையியல் சார்ந்த தகராறு.

அவர் அசையாவிட்டால்? லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் கொள்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். கேட்ட தொகையைக் கொடுத்து மோட்டாரை எடுத்துவிட்டு, "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று ரசீதிலோ, அதற்கு அவர் ஒப்பாவிட்டால் அன்றே அனுப்பும் செய்தியிலோ எழுதிவிடுங்கள். கட்டாயத்தின் பேரில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 72ஆம் பிரிவு. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் உங்கள் வழக்குக்கு அளவெடுத்தது போல இருக்கிறது: சட்டவிரோதமான கட்டணத்தைக் கொடுத்தால்தான் சரக்கைத் தருவேன் என்று ரயில்வே கம்பெனி மறுக்க, சரக்குக்குரியவர் வேறு வழியின்றிக் கொடுத்துவிடுகிறார், மிகையான தொகையை அவர் திரும்பப் பெறலாம்.

அதைப் பெறுவதற்கான இடம் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பட்டறை காங்கேயத்தில், அதாவது திருப்பூர் மாவட்டத்தில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அனுமதிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது; 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்தாக வேண்டும். விசாரணைக் காலத்தில் இடைக்கால உத்தரவு கேட்கவும் வழி உண்டு. தொகையை ஆணையத்தில் கட்டிவிட்டு மோட்டாரை விடுவிக்கக் கோரலாம். முறையான பில் தராமல் வெறும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறையின் கீழ் வரக்கூடும் என்பதையும் புகாரில் சேருங்கள். மாடு கன்று வைத்திருப்பதால் இது வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். வீட்டுப் புழக்கத் தண்ணீருக்கு அந்த வாதம் நிற்காது.

கொழுந்தனாரின் பேச்சில் பாதிதான் நியாயம். யார் மெக்கானிக்கைக் கூப்பிட்டார் என்பது முக்கியமல்ல. பத்திரத்தில் சரிபாதி என்றிருக்கும் பொதுச் சொத்து ஓடுவதற்கு அவசியமான பழுதைப் பார்த்த பங்குதாரர், மற்றவரின் பங்கைக் கேட்டுப் பெறலாம். 30,500 ரூபாயில் அவர் பங்கு 15,250. குழாய் உடைந்ததால் வந்த செலவைப் பொறுத்தவரை, தவறு பட்டறையுடையது என்று நீங்களே வாதிட்டுக்கொண்டு அதே தொகையின் பாதியைக் கொழுந்தனாரிடம் கேட்பது உங்கள் வழக்கை நீங்களே அறுப்பதாகும். அதன் முடிவு தெரியட்டும். அவர் தராவிட்டால் 3 ஆண்டுகளுக்குள் பணத்துக்கு வழக்குப் போடலாம். ஆனால் அவர் வீட்டுக்குப் போகும் குழாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். மறுநாளே தடையாணை வாங்கிவிடுவார். பங்காளிச் சண்டையை நீதிமன்றம் வரை கொண்டுபோகும் முன், வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்துச் சமரசத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். இந்தச் சாக்கில் பெரிய மோட்டாராக மாற்ற நினைத்தால், அதற்கு அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மேம்பாட்டுச் செலவைச் சம்மதமில்லாதவர் தலையில் ஏற்ற முடியாது. மின் இணைப்பில் எத்தனை குதிரைத்திறனுக்கு அனுமதி இருக்கிறது என்பதையும் முதலில் பாருங்கள்.

மோட்டார் வெளியே இருக்கும் இந்த நாட்களில் ஆழ்துளைக் குழி எப்படி மூடப்பட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பழுதுக்காக மோட்டாரை எடுத்திருக்கும் காலத்திலும் குழியைத் திறந்து வைக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த நெறிமுறை. சாக்குப் பையும் கல்லும் போதாது. இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டு மூடுங்கள். விபத்து நடந்தால் பொறுப்பு நில உரிமையாளர்களான உங்கள் இருவருக்கும்தான் வரும்.

இன்னும் 200 அடி ஓட்டும் யோசனையை, இந்தப் பில் தகராறு தீரும்வரை தள்ளிப் போடுங்கள். எரிந்தது மோட்டார், தண்ணீர் குறைந்ததாக நீங்கள் சொல்லவே இல்லை. பிறகு ஓட்டுவதானால், அடிக்கு என்ன விலை, எத்தனையாவது அடிக்கு மேல் விலை ஏறும், கேசிங் குழாய் (மேல்மண் சரியாமல் இறக்கும் உறைக் குழாய்) தனியா, வண்டி வந்து போகும் செலவு யாருடையது, ஏற்கெனவே இருக்கும் ஆழ்துளைக் குழியில் கருவி சிக்கினால் யார் பொறுப்பு என்ற ஐந்தையும் ரிக் (துளை போடும்) வண்டிக்காரரிடம் எழுதி வாங்குங்கள். ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டு வண்டியானாலும் உள்ளூர் ஏஜென்ட் மூலம் வந்தால், யாரோடு ஒப்பந்தம் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஊராட்சியின் அனுமதியையும் வண்டியின் பதிவுச் சான்றையும் வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். நம் பாறை நிலத்தில் 200 அடியும் தண்ணீரின்றி வறண்ட புழுதிப் புகையாகவே வந்தாலும், தண்ணீர் நிச்சயம் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, ஓட்டிய அடிக்குரிய பணத்தை நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்துச் சொன்னவரின் வார்த்தை ரிக் வண்டிக்காரரைக் கட்டுப்படுத்தாது.