பவர் கட்டமரானா, மோனோஹல் யாட்டா? கேள்வி பதில்

மோட்டார் கட்டமரான், அதாவது பாயில்லாமல் எஞ்சினில் ஓடும் இரட்டை ஹல் படகு, பற்றி வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். ஹல் என்றால் தண்ணீரில் மிதக்கும் படகு உடல். மோனோஹல்லுக்கு அது ஒன்றுதான். கணக்கு வருகிற இடத்திலெல்லாம் ஒரே அளவுதான்: இரண்டு படகுக்கும் நீர்க்கோட்டில் (தண்ணீர் படகைத் தொடுகிற மட்டத்தில்) 14 மீட்டர் நீளம். கட்டமரானின் ஒவ்வொரு ஹல்லும் 1.5 மீட்டர் அகலம், மோனோஹல் 4.3 மீட்டர் அகலம்.

சார், முன்பெல்லாம் கட்டமரான் என்றால் பாய்மரப் படகுதான். பாயே இல்லாத கட்டமரான்கள் இப்போது எங்கே பார்த்தாலும் நிற்கின்றனவே, எப்படி?

முதல் தள்ளு வாடகைப் படகுத் தொழிலிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்கு ஒரு வாரம் விடுமுறைக்கு வருகிற குடும்பத்துக்குப் பாய் ஏற்றி இறக்கத் தெரிய வேண்டாம், ஆனால் எட்டுப் பேர் ஆடாமல் உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும். மூரிங்ஸ் நிறுவனம் கேப் டவுனில் ராபர்ட்சன் அண்ட் கெய்ன் கட்டுகிற படகுகளை அங்கே விட்டது. அதே படகுகள் லெப்பர்டு என்ற பெயரில் தனியாருக்கும் விற்றன. சீனாவின் ஹாங்சோவில் கட்டப்படும் அக்குவிலா கட்டமரானை அமெரிக்கப் படகு விற்பனை நிறுவனமான மரின்மேக்ஸ் கொண்டுவந்தது. பாய்மரக் கட்டமரானில் பேர் வாங்கிய பிரெஞ்சுக்காரர்களும், அதாவது லகூனும் ஃபோன்டேன் பாஜோவும், மோட்டார் வகையில் இறங்கினார்கள். வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் பிறகு சொந்தமாகவே வாங்கினார்கள்.

இடவசதிதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய காரணம் 10 முதல் 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரையுள்ள வேகம். அது அடுத்த கேள்வியில்.

எண்ணெய் உண்மையிலேயே மிச்சமா? இல்லை, விற்பவர் பேச்சா?

எந்த வேகம் என்று சொல்லாமல் இதற்குப் பதிலே கிடையாது. படகு ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்பும். அந்த அலையின் நீளம் படகின் நீளத்தைத் தொடுகிற வேகத்தில் அகலமான ஹல் தன் அலைக்குழியிலேயே மாட்டிக்கொள்ளும். நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். 14 மீட்டர் என்பது 46 அடி. விடை சுமார் 9 நாட். மோனோஹல் இதைத் தாண்ட வேண்டுமானால் அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்கிக்கொண்டு மேடேறி, தண்ணீர் மேல் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். அந்த மேட்டில், அதாவது 10-லிருந்து 14 நாட் வரை, எஞ்சின் கத்தும், டீசல் கொட்டும், ஓட்டுபவருக்கு முன்னால் அணியம் மட்டும்தான் தெரியும்.

கட்டமரான் ஹல்லின் நீளம் அகலத்தைப் போல் ஒன்பது மடங்கு. மோனோஹல்லில் மூன்று மடங்குதான். ஒல்லியான ஹல் எழுப்புகிற அலை சிறியது, அதனால் மேடும் சிறியது. 12 நாட்டில் நிம்மதியாகப் போகலாம். ஆனால் 6 நாட்டில் ஊர்ந்தால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. அங்கே அலையைவிட உரசல்தான் முக்கியம், இரண்டு ஹல்லுக்கும் சேர்த்து நனையும் பரப்போ அதிகம். அடியில் பாசி படிந்தால் கட்டமரான் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சோதனை ஓட்டத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். அதை நாட்டால் வகுத்தால் கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 8, 12, 16 நாட் மூன்றிலும், போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். நீரோட்டத்தின் தாக்கம் போய்விடும். எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்பதற்குத் தோராயக் கணக்கு: ஒரு மணி நேரத்துக்கு ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் கால் லிட்டர் டீசல்.

கட்டுமரம் நம்முடையதுதானே அண்ணா? அப்படியானால் இந்த யாட்டும் நம் கண்டுபிடிப்பா?

பெயர் நம்முடையது. வில்லியம் டேம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை எழுதிவைத்தார். சொல் ஆங்கிலத்துக்குள் அப்படிப் போனது. ஆனால் நம் கட்டுமரம் மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டிய மிதவை. அதில் இரண்டு ஹல் இல்லை, நடுவில் இடைவெளியும் இல்லை. இரட்டை ஹல் பசிபிக் தீவுக்காரர்களின் வித்தை. நத்தானியல் ஹெரஷாஃப் 1876-இல் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை ஹல் படகோடு நியூயார்க் பந்தயத்துக்கு வந்து மற்றவர்களைப் பின்னால் விட்டார். அடுத்து நடந்தது, அந்த வகைப் படகையே பந்தயத்திலிருந்து தள்ளிவைத்தது.

என் மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கட்டமரானில் குமட்டல் வராதா?

நங்கூரத்தில் நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் பெரிய வித்தியாசம் தெரியும். ஹல் நடுக்கோடுகளுக்கு இடையே 5 மீட்டர் இருந்தால், பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் பலம் அதே நீள மோனோஹல்லைப் போல் மூன்று மடங்கு. மோனோஹல்லில் இதற்காகவே சுழலும் கனச் சக்கரமான கைரோவோ பக்கத் துடுப்போ வைக்கிறார்கள். கைரோவுக்கு மின்சாரம் வேண்டும், பராமரிப்பும் வேண்டும்.

ஆனால் ஆட்டம் குறைவு என்பதற்காகச் சுகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மோனோஹல் தொட்டில் போல மெதுவாகச் சாய்ந்து திரும்பும். கட்டமரான் சாய்வது கொஞ்சம்தான், ஆனால் வெடுக்கென்று திரும்பும். பக்கத்திலிருந்து குறுகிய அலை வரும்போது, ஒரு ஹல் முகட்டிலும் மற்றது குழியிலுமாக இருந்தால் மேசை மேல் இருக்கிற டம்ளர் கவிழாது, நகர்ந்து போய் விழும். சிலருக்கு அந்த வெடுக்குதான் ஆகாது. வாங்குவதற்கு முன் மனைவியையும் ஏற்றி, பக்க அலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று: வேகமாகத் திரும்பும்போது மோனோஹல் உள்பக்கம் சாயும். பல கட்டமரான்கள் தட்டையாகவே திரும்பும், சில வெளிப்பக்கம் சாயும். புதிதாக ஏறுபவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

எதிர் அலையில் அடியிலிருந்து பீரங்கி மாதிரி ஒரு சத்தம். படகு உடைகிறதா?

அது இரண்டு ஹல்லையும் இணைக்கிற பிரிட்ஜ் டெக்கின் அடித்தட்டில் அலை மோதுகிற சத்தம். இரண்டு ஹல்லின் அணியத்திலும் எழும் அலைகள் ஹல்களுக்கு நடுவே உள்ள சுரங்கத்தில் சந்தித்துக் குவிகின்றன. அதன் மேல் கடலலையும் ஏறும்போது அடித்தட்டுக்குத் தப்ப இடமில்லை. தட்டு தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். நீர்க்கோட்டு நீளத்தில் 5 முதல் 6 சதவீதம் என்பது நடைமுறைக் கணக்கு. 14 மீட்டருக்கு 70 முதல் 84 சென்டிமீட்டர். விளம்பரத் தாளில் இந்த எண் பல நேரம் இருக்காது. டேப் எடுத்துக்கொண்டு டிங்கி என்ற சிறு படகில் போய், டாங்க் நிரம்பியிருக்கும்போது சுரங்கத்தின் முன்பக்கத்தில் அளந்து பாருங்கள்.

ஓட்டும்போது சத்தம் ஆரம்பித்தால் வேகத்தை 7, 8 நாட்டுக்கு இறக்குங்கள். அலையை நேரே வாங்காமல் 20, 30 பாகை சாய்த்துப் போனால் இரண்டு ஹல்லும் ஒரே நேரத்தில் இறங்காது.

ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர், பெரிய டெண்டர் (கரைக்குப் போய்வரும் துணைப்படகு), இரண்டு ஃப்ரீசர் எல்லாம் போடலாம் என்கிறார் விற்பவர். இடம்தான் இருக்கிறதே?

இடம் இருக்கிறது, தாங்கும் சக்தி இல்லை. கட்டமரான் வாங்குபவர்கள் இடறுகிற முதல் இடம் இதுதான்.

நம் அளவுப் படகில் ஒரு சென்டிமீட்டர் அமிழ, கட்டமரானுக்குச் சுமார் 320 கிலோ போதும். மோனோஹல்லுக்கு 490 கிலோ வேண்டும். 1,500 லிட்டர் டீசலும் 800 லிட்டர் தண்ணீரும் சேர்ந்து இரண்டு டன். அதற்கே கட்டமரான் ஆறரை சென்டிமீட்டர் இறங்கிவிடும், மோனோஹல் நாலு. இதற்கு மேல் நீங்கள் சொன்ன சாமான்கள் இன்னும் ஒன்றரை டன் ஏற்றினால் 11 சென்டிமீட்டர். 75 சென்டிமீட்டர் இருந்த அடித்தட்டு 64-க்கு வந்துவிட்டது. முந்தைய கேள்வியின் சத்தம் அங்கேதான் தொடங்குகிறது. ஹல் அமிழ அமிழ வேகமும் போகும்.

ஒவ்வொரு பொருளின் எடையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை நடுவில் இருக்கட்டும், அணிய அறைகளில் திணிக்காதீர்கள். வாட்டர்மேக்கர் இருந்தால் தண்ணீர் டாங்கை முழுதும் நிரப்பாமல் ஓட்டலாம். அரை டன் அதிலேயே மிச்சம்.

ஏழு மீட்டர் அகலப் படகை ஒல்லி மரீனாவில் எப்படிக் கட்டுவது?

திருப்புவது சுலபம், நிறுத்த இடம் பிடிப்பதுதான் கஷ்டம். எஞ்சின்கள் நான்கு மீட்டருக்கு மேல் தள்ளியிருப்பதால், சுக்கானை நேரே வைத்து ஒன்றை முன்கியரிலும் மற்றதைப் பின்கியரிலும் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். ஐடிலிலேயே, இரண்டிரண்டு விநாடி போட்டு எடுங்கள். காற்றில் கவனம்: உயரம் அதிகம், ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், ஆகவே பக்கவாட்டில் வழுக்கும்.

கரையோடு சேர்க்க, படகின் நடுவில் கயிறு கட்டுகிற கிளீட்டிலிருந்து பின்னோக்கி ஒரு கயிற்றைத் துறையில் மாட்டுங்கள். கயிறு இறுகியதும் வெளிப்பக்க எஞ்சினை மட்டும் ஐடிலில் முன்கியர். அணியம் உள்ளே அழுத்தினால் சுக்கானைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அமரமும் (பின்முனையும்) உள்ளே வந்து படகு தட்டையாக ஒட்டிக்கொள்ளும். மற்ற கயிறுகளை நிதானமாகக் கட்டலாம்.

செலவு: பல மத்தியதரைக் கடல் மரீனாக்களில் கட்டமரானுக்கு ஒன்றரை மடங்கு வாடகை. அதைவிட முக்கியம் கரையேற்றும் லிஃப்ட். உங்கள் படகின் அகலத்தை ஏற்கிற யார்டு எங்கே என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். பஹாமாஸ் திட்டுகள் போன்ற ஆழமில்லாத இடங்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். மற்றவர்கள் வெளியே நிற்கிற இடத்தில் நீங்கள் கரைக்கருகே நங்கூரமிடலாம்.

ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டலாமா?

மெதுவாக ஓடும்போது ஓட்டலாம், முதலில் கியர்பாக்ஸ் கையேட்டைப் பாருங்கள். அணைத்த பக்கத்துப் புரொப்பல்லர் தண்ணீரில் சும்மா சுழலும். சில கியர்பாக்ஸில் எஞ்சின் ஓடினால்தான் ஆயில் பம்ப் ஓடும். அவை காய்ந்து போகும். அதோடு சுக்கானை எப்போதும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே போக வேண்டும், மிச்சத்தில் ஒரு பங்கு அந்த இழுவையில் போகும்.

சோலார்?

கூரை பெரிது, அதனால் மோனோஹல்லைவிடப் பொருத்தம். 2010-இல் மொனாக்கோவிலிருந்து கிளம்பி 2012 மே மாதம் உலகைச் சுற்றி வந்த சோலார் படகு ‘பிளானட்சோலார்’ மேல் 537 சதுர மீட்டர் பேனல் இருந்தது. குடும்பப் படகில் ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் சோலார் தாராளமாக உதவும். 15 நாட்டில் ஓடுவதற்கு அல்ல.

பழைய கட்டமரான் பார்க்கப் போகிறேன் அண்ணா. எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும்?

இரண்டு ஹல்லையும் முறுக்குகிற விசை முழுவதும் குறுக்குத் தடுப்புகளில், அதாவது குறுக்கே நிற்கிற உள்சுவர்களில், ஏறுகிறது. அதனால் முதலில் பிரதானத் தடுப்பு ஹல்லோடு ஒட்டுகிற இடம். தரைப் பலகையைத் தூக்கி, அலமாரியைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். ஃபைபர் பட்டை மரத்திலிருந்து எழும்பியிருந்தால் விளிம்பில் மெல்லிய நிழல் தெரியும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இடம் டக்கென்று ஒலிக்கும், பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும்.

அடுத்து சலூன் (உட்காரும் பெரிய அறை) கதவின் மேல் மூலைகள். அங்கே ஜெல்கோட் (மேல்பூச்சு) விரிசல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினால் படகு முறுக்குகிறது என்று பொருள். கதவு அலைகளில் மட்டும் இறுகுகிறதா என்று ஓட்டத்தில் பாருங்கள். பிறகு சுரங்கத்தின் அடித்தட்டு, அங்கே ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹல்லின் உள்பக்கத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தப்பிக்கும் ஜன்னல் இருந்தால் அதன் ரப்பரில் உப்புத் தடம் இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, இரண்டு பக்கமும் எழுதியிருக்கிற எஞ்சின் மணிநேரம். ஒன்று 1,400, மற்றது 2,100 என்று இருந்தால் ஒற்றை எஞ்சினில் ஓட்டிய படகு. குறைந்த மணி காட்டுகிற பக்கத்துக் கியர்பாக்ஸ் ஆயிலைத் தனியாகச் சோதனைக்கு அனுப்புங்கள்.