மேடையில் ஒருவர், கீழே ஒன்பது பேர்

கேள்வி: எங்கள் தொண்டு அமைப்பில் ஆண்டுதோறும் 'சிறந்த தொண்டர்' விருது கொடுக்கிறோம். விழா முடிந்ததும் சிலர் வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். உண்மையான சேவை மனம் உள்ளவர்கள் விருதை எதிர்பார்க்கலாமா?

பதில்: உங்கள் கடைசி வரிதான் உறுத்துகிறது. வராமல் போனவர்கள் விருதுக்கு ஆசைப்பட்டவர்கள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பத்துப் பேர் சேர்ந்து இழுத்த தேருக்கு ஒருவரை மட்டும் மேடையேற்றிக் கேடயம் கொடுத்தால், கீழே கைதட்டும் ஒன்பது பேருக்கும் 'அப்போ நாம் செய்தது?' என்று தோன்றத்தான் செய்யும். அது பேராசை இல்லை. அதுவரை அங்கே யாரும் யாரையும் அளந்து பார்க்கவில்லை. அளவுகோலைக் கொண்டுவந்தது நீங்கள்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவிடம் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், முன்பே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கோ ஆர்வம் குறையவே இல்லை!

அதற்காக விருதே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்தவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பாராட்டு விருது கொடுத்து ஆராய்ந்தார் யானா காலுஸ் என்ற ஆய்வாளர். காசு ஏதும் இல்லை. ஆனாலும் அடுத்த மாதமும் தொடர்ந்து எழுதியவர்கள், விருது பெற்றவர்களிடையே 20 சதவீதம் அதிகம். நாம் செய்வதை யாரோ கவனிக்கிறார்கள் என்ற நினைப்பு, புதிதாக வந்தவருக்கு எவ்வளவு பெரிய தெம்பு!

அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே விருதை அறிவித்து ஆசை காட்டாதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு, யார் என்ன செய்தார் என்று பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். கணக்கு எழுதியவர், கடைசியில் இடத்தைக் கூட்டிப் பெருக்கியவர் பெயரும் அதில் வரட்டும். விருது கொடுத்தே தீர வேண்டுமென்றால் குழுவுக்குக் கொடுங்கள்.

அப்புறம், வராமல் போனவர்களை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் சேவை மனத்தைச் சோதிக்க வேண்டாம். என்ன வருத்தம் என்று மட்டும் கேளுங்கள்.